மதினி வீட்டுக்கு ஒரு தெரு

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, உடைமரத்தைத் தவிர ஒன்றும் முளைக்காது என்று ஊரே கைவிட்ட சரளை நிலத்தில் ஒரு நகரை உண்டாக்கியவன் நான். அதற்குக் கிழக்கே இன்னொரு நகர். திருச்செந்தூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது. வாய்க்கால் குறுக்கே கிடந்தபோது குழாய் இறக்கி, மேலே கான்கிரீட் போட்டு, லாரி போகிற அளவுக்குப் பாலம் கட்டினேன். தண்ணீர் கிடைக்காது என்று சொன்ன இடத்தில் கிணறு வெட்டி, முதல் வாளித் தண்ணீரைச் சொன்னவர் காலடியிலேயே ஊற்றினேன். கரண்டு கம்பம் வருவதற்குள் என் தலைமுடி பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் வரவழைத்தேன். இன்றைக்கு அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, மாவு மில் இருக்கிறது, கல்யாண மண்டபம் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் பரோட்டாக் கடையில் தட்டும் சத்தம் கேட்கிறது.

பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ராதாபுரம் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து மாட்டைப் பற்றிக்கொண்டு வந்தவன். நான் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

தகப்பனார் எனக்கு வைத்துவிட்டுப் போனது ஒரு சோடி மாடும் ஒரு கட்டைவண்டியும். ஆற்று மணலை ஏற்றிக்கொண்டு, வீடு கட்டுகிற இடங்களுக்கெல்லாம் போவேன். தெரு என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வண்டிதான். டவுனில் தேர் ஓடுகிற வீதிகள் நாலும் சுற்றிச் சேர்ந்துவிடும். அவற்றிலிருந்து பிரிகிற முடுக்குகள் ஒடுக்கம்தான் என்றாலும், பெரும்பாலும் ஒன்றில் நுழைந்தால் வேறொன்றில் வெளியே வந்துவிடலாம். புதிதாக முளைத்த காலனிகள் அப்படி இல்லை. தெரு நல்ல அகலமாக, அழகாகப் போகும். போய், ஒரு மதிலில் நிற்கும். மணலோடு நிற்கிற வண்டியை அங்கே திருப்ப முடியாது. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, நுகத்தடியைத் தோளில் ஏற்றி, தெருவில் போகிறவர்களைக் கெஞ்சிக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லி, அங்குலம் அங்குலமாகத் திருப்ப வேண்டும். வீட்டுக்காரர் வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டே, “பைய, பைய! மதில்ல இடிச்சிராதவே!” என்பார். அப்படித் தோல் உரிந்த ஒரு நாளில்தான், என்றைக்காவது நான் தெரு போட்டால் அது முட்டாது என்று முடிவு செய்தேன்.

ஊர் எப்படி வளர்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஒருவர் தோட்டத்தை விற்பார். வாங்கியவர் அந்தத் தோட்டத்துக்குள் மட்டும் தெரு போடுவார். கொஞ்ச காலம் கழித்துப் பக்கத்துத் தோட்டம் விலைக்கு வரும். அதை வாங்கியவர் அவர் இஷ்டத்துக்கு அவர் தெருவைப் போடுவார். இரண்டுக்கும் நடுவே பழைய முள்வேலி கிடந்த இடத்தில் மதில் எழும்பும். வேலியிலாவது ஆடு நுழைகிற ஓட்டை இருந்தது. மதிலில் அதுவும் இல்லை. ஊர் பெருக்கப் பெருக்க, நடக்கிறவனுக்கு வழி சிறுக்கும். பக்கத்து வீட்டுக்குப் போவதற்குக்கூட மெயின் ரோட்டுக்கு வந்து, மெயின் ரோட்டோடு போய், அடுத்த ஆர்ச்சுக்குள் நுழைந்து வர வேண்டும். எல்லாரும் மெயின் ரோட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டு, ரோட்டில் நெரிசல் என்று பேப்பருக்கு எழுதுவார்கள்.

நான் மனை போட்டபோது சர்வேயர் சொன்னார், “அண்ணாச்சி, தெருக் கடைசில ஒரு மனை நிக்கும். அதையும் வித்துட்டுப் போங்க.” மாட்டேன் என்றேன். எல்லாத் தெருவையும் எல்லை வரைக்கும் கொண்டுபோய் வாயைத் திறந்தபடியே விட்டேன். நாளைக்குப் பக்கத்தில் மனை போடுகிறவன் அவன் தெருவை இதோடு சேர்த்துக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம். மூன்று பக்கம் அப்படியே நடந்தது. இன்றைக்கு என் நகரில் ஒரு தெருவில் பந்தல் போட்டு அடைத்தால், அடுத்த தெரு வழியாகப் போகலாம். பால்காரரைக் கேளுங்கள், தண்ணி லாரிக்காரரைக் கேளுங்கள். நாலாவது பக்கம்தான் கதை.

நாலாவது பக்கம் ஒரு எலுமிச்சைத் தோட்டம். அதை வாங்கி மனை போட்டவர் தன் தெருவை என் எல்லையோடு ஒட்டிக் குறுக்கே ஓட்டினார். என் தெரு போய் அந்தக் குறுக்குத் தெருவில் சேர்ந்தால், அதற்கு நேர் எதிரே அவருடைய மனை ஒன்று நிற்கும். தெரு வந்து முட்டுகிற மனையை எங்கள் பக்கத்தில் லேசில் வாங்கமாட்டார்கள். தெருக்குத்து என்பார்கள். வாசலைப் பார்த்து நேராக வருகிற தெரு குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிக்கை. தப்பித் தவறி வாங்கினாலும், மதிலில் மாடம் வைத்து ஒரு பிள்ளையாரைத் தெருவைப் பார்க்க உட்கார வைப்பார்கள். வருகிற குத்தை அவர் வாங்கிக்கொள்வார். அந்த ஒரு மனை விலை போக வேண்டும் என்பதற்காக, அந்த மனிதர் என் தெருவின் வாயில் மதிலை எழுப்பிவிட்டார். மனையும் விற்றுப்போனது.

என் தெருக்காரர்கள் சும்மா இருந்தார்களா? தெரு மதிலில் போய் முட்டி மொட்டையாக நிற்கிறதே என்று, அந்த மதிலில் சாய்த்து ஒரு பிள்ளையாரை வைத்தார்கள். வெயிலுக்குத் தகரம் போட்டார்கள். தகரம் தளமாயிற்று. தளத்துக்குத் தூண், தூணுக்குக் கம்பிக் கதவு, கதவுக்கு முன்னால் டைல்ஸ் பதித்த மண்டபம். நான் அகலமாக விட்ட தெருவின் கடைசி முழுவதையும் பிள்ளையார் நிறைத்துக்கொண்டார். மண்டபத்துக்குச் சிமெண்ட் கொடுத்தவனும் நான்தான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையாரைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் என் வீடு. மதிலுக்கு அந்தப் பக்கம், என் வீட்டுக்கு நேராக, என் மனைவியின் அக்கா வீடு. அவர்களை நான் மதினி என்று கூப்பிடுவேன். தங்கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே, வீட்டுக்காரர் தவறிய பிறகு, அங்கே வீடு வாங்கி வந்தவர்கள். அவர்கள் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மதினி வீட்டுக்கு அடுத்த வீடு, அதாவது என் தெருவுக்கு நேர் எதிரே விழுகிற அந்தத் தெருக்குத்து மனை, ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவருடையது. பாளையங்கோட்டையில் பழைய வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். சுற்றுவட்டாரம் முழுக்க அவரைச் சார்வாள் என்றே கூப்பிடும்.

அக்காவும் தங்கையும் அந்த மதிலை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. இந்தப் பக்கம் என் வீட்டுத் துவைக்கிற கல்லில் ஏறி இவள் நிற்பாள். அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைத் தெருவில் போட்டு மதினி நிற்பார்கள். கறிவேப்பிலை போகும், தோசை மாவு வரும். உவரியிலிருந்து வருகிற மீன்காரம்மா என் வாசலில் கூடையை இறக்கினால், குழம்பில் பாதி தூக்குச் சட்டியில் மதில் ஏறிப் போய்விடும். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். மேலே மதிலில் இரண்டு கொண்டைகள் மட்டும் தெரியும். அவர்கள் ரகசியம் பேசுவதாக நினைத்துப் பேசுவது அடுத்த தெருவரைக்கும் கேட்கும். பாதி பேச்சு என்னைப் பற்றித்தான்.

“ஒங்க வீட்டுக்காரரு நேத்து வார்டு மெம்பர் கூட சண்டையாமே?”

“யாருகூடத்தான் சண்டை இல்ல? அவுகளுக்குச் சண்டை போட்டாத்தான் சோறு செமிக்கும்.”

போன ஐப்பசி மழையில் மதினி வாசல் படியில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். இடுப்பெலும்பு. கூப்பிட்ட சத்தம் மதிலைத் தாண்டி இவளுக்குக் கேட்டது. துவைக்கிற கல்லில் ஏறினாள். மதிலுக்கு மேலே கையை நீட்ட முடிந்தது, போக முடியவில்லை. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். டிரைவர் போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே என் தெருவுக்குள் வந்துவிட்டார். படத்தில் மதினி வீடு அங்கேதான் இருக்கிறது. வந்து பிள்ளையார் முன்னால் நின்று, விளக்கு சுழலச் சுழல, “அண்ணாச்சி, இதுக்கு மேல வழி?” என்றார். பின்னாலேயே எடுத்து, மெயின் ரோட்டுக்குப் போய், நாலுவழிச்சாலை முக்கைச் சுற்றி, அவர்கள் ஆர்ச்சுக்குள் நுழைந்து, எல்லாத் தெருவும் வளைந்து போய்ச் சேர வேண்டியதாயிற்று. அவ்வளவு நேரமும் இவள் மதிலில் கன்னத்தை வைத்துக்கொண்டு, “அக்கா, வண்டி வந்துட்டுக்கா, இந்தா வந்துட்டு” என்று சொல்லிக்கொண்டே நின்றாள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் குடையைப் பிடித்தேன். குடை பிடிப்பதைத் தவிர எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது என் ஆயுசில் அன்றுதான் முதல் தடவையாக நடந்தது.

ஆபரேஷன் முடிந்து மதினி வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் கட்டிலோடு சரி. ஸ்டூலில் ஏறுவது இனி நடக்காது. பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை மகன் ஏற்பாடு செய்தான். நல்ல பெண். அவள் ஊட்டினால் மதினி வாயைத் திறப்பதில்லை. தங்கை வந்து ஊட்டினால் இரண்டு இட்லி இறங்கும். இவளுக்கோ முட்டுவலி. ஆட்டோ பிடித்து, அவ்வளவு தூரம் சுற்றி, ஒரு நேரம் போய் வருவதற்குள் முகம் வாடிவிடும். இரண்டாம் நேரத்துக்குப் போக முடியாது. சாயங்காலம் துவைக்கிற கல்லில் சும்மா உட்கார்ந்து மதிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மதினி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார்கள்.

ஒருநாள் நான் பக்கத்தில் போய், “ஏட்டி, உள்ள வா. பனி விழுது” என்றேன்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “ஊருக்கெல்லாம் ரோடு போட்டிய. எங்க அக்கா வீட்டுக்கு ஒரு ரோடு போட முடியலைல்லா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். சும்மா சொன்னாள், மழை நின்றுவிட்டது என்று சொல்வதைப் போல. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் தெருக்காரர்களைக் கூட்டி, பிள்ளையாரைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தலாமா என்று கேட்டேன். ஊர்க்கோயிலைப் பெயர்க்கச் சொன்னதுபோல் ஆகிவிட்டது. பாலாலயம் செய்ய வேண்டும், மறுபடி கும்பாபிஷேகம் வைக்க வேண்டும், நகர்த்தின தெருவில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். “அண்ணாச்சி, ஒங்க மதினிக்காகச் சாமியை எழுப்பச் சொல்லுதியளே!” என்று ஒருவர் சிரித்தார். அவருக்கு மனை விற்றதும் நான்தான்.

ஆட்டோ பிடித்துச் சார்வாளைப் போய்ப் பார்த்தேன். வேதக்காரர், தெருக்குத்தெல்லாம் பார்க்கமாட்டார், அந்தப் பக்கம் சுலபமாக முடியும் என்பது என் கணக்கு. நாற்காலி போட்டார். அவர் வீட்டம்மா காப்பி கொண்டுவந்தார்கள்.

“மதிலை எடுக்கதுல எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது” என்றார் சார்வாள்.

“பின்ன என்ன சார்வாள்? சோலி முடிஞ்சுது.”

“நாளைக்கு இந்த வீட்டை வாங்க வாரவனுக்கு இருக்குமே? எங்க காலத்துக்குப் பொறவு பிள்ளைய இங்கன இருக்கப் போறது இல்ல. வித்துட்டுத்தான் போவும்.”

“ஒரு பிள்ளையாரை வாசல்ல வச்சிட்டாப் போச்சு” என்று விளையாட்டுக்குச் சொன்னேன்.

வீட்டம்மா காப்பி டம்ளரை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்கள். “அண்ணாச்சி, எங்க சர்ச் ஐயர் நாளைக்கு வீட்டு ஜெபத்துக்கு வாராவ. வாசல்ல பிள்ளையாரைப் பாத்தா, எங்களைத்தான் முதல்ல ஜெபத்துல வைப்பாவ.” பிறகு சிரித்துக்கொண்டே டம்ளரைக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தேன். வீட்டுக்குள் போகவில்லை. பிள்ளையாருக்கு முன்னால் நின்று, என் பழைய வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தினால் எப்படித் திருப்புவேன் என்று மனசுக்குள் பார்த்தேன். நேராகப் போக முடியாது. பிள்ளையார் இருக்கிறார், அவருக்குப் பின்னால் சார்வாள் இருக்கிறார். இருவரையும் தொட வேண்டாம். இடது பக்கம் ஒடித்தால் என் வீட்டு மதில். என் காம்பவுண்டை ஒட்டி ஒரு வண்டி போகிற அகலத்துக்கு இடம் கிடைத்தால், பிள்ளையாரைச் சுற்றிக்கொண்டு எல்லை மதிலுக்குப் போகலாம். அந்த இடத்தில் மதிலைத் திறந்தால், வழி நேராக மதினி வாசலில் போய் இறங்கும்.

அந்த இடத்தில் இருந்தது என் கார் ஷெட்டும், கருங்கல் தூண் வைத்த கேட்டும். தூண் இரண்டையும் நானே பார்த்துப் பார்த்துக் கொத்த வைத்தவை. என் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூணைத் தொட்டுப் பார்த்தாள்.

“கேட்டு போயிருமே. ஒங்களுக்கு உயிராச்சே அது” என்றாள்.

“உள்ள தள்ளி வேற வச்சிக்கிடலாம்ட்டி.”

இன்னொன்று பாக்கி இருந்தது. புது வழி மதினி வீட்டுக்கு நேராகப் போய் நிற்கும். அப்படியானால் தெருக்குத்து அவர்களுக்கு. படுத்த படுக்கையாக இருக்கிறவர்களிடம் இதைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று நானே போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். மதினி கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்கள். தூங்கிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

“தெரு வந்தா வரட்டும் தம்பி” என்றார்கள். “அதுல எங்க தங்கச்சிதான வருவா.”

நான் எழுந்து வெளியே வந்து, செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் குனிந்துகொண்டு நின்றேன்.

கடைசியாக, மதிலுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்போர் சங்கம். மதில் அவர்கள் பக்கத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்காகக் காத்திருந்து, அவர்கள் பூங்காவில் கூட்டம் போட்டார்கள். நான் ஒருவன் இந்தப் பக்கத்து ஆள்.

“ஒங்க தெரு மாடு பூரா எங்க பூங்காவுக்கு வந்துரும் அண்ணாச்சி” என்றார் ஒருவர்.

“வந்தா பால் கறந்துக்கிடும்.”

“திருடன் வந்தா?”

“இப்ப மட்டும் ஆர்ச்சு வழியா டிக்கெட் எடுத்துட்டா வாரான்?”

சிரித்தார்கள். ஆனால் சம்மதிக்கவில்லை. அமைதியான தெரு என்றுதான் இங்கே வாங்கினோம், வண்டி ஓடினால் பிள்ளைகள் விளையாட முடியாது என்றார்கள். அது நியாயமான பேச்சு. அதற்கு என்னிடம் பதில் இருந்தது: “ஆளு நடக்க, சைக்கிள் போக, ஆஸ்பத்திரி வண்டி வந்தா கம்பியைத் தூக்கி விட. மத்த வண்டி வராம குறுக்க பூட்டுன கம்பி. சாவி ஒண்ணு ஒங்க கிட்ட, ஒண்ணு எங்க கிட்ட.” அப்போது சார்வாள் எழுந்தார். “அண்ணாச்சி சொந்த இடத்தை விட்டுக் குடுக்காரு. நாம செங்கலைத்தான எடுக்கணும்? அன்னைக்கு அந்தம்மா மழையில கத்துன கத்து என் வீட்டுக்கும் கேட்டுது” என்றார். அதற்குப் பிறகு யாரும் மாட்டைப் பற்றிப் பேசவில்லை.

இடத்தை முறைப்படி மாநகராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தேன். கேட்டை நானே முன்னால் நின்று பெயர்த்தேன். ஆட்கள் மதிலில் முதல் கடப்பாரையைப் போட்டு ஒரு துளை விழுந்ததும், அதற்குள் மதினி வீட்டு ஜன்னல் தெரிந்தது. கட்டிலைத் தள்ளி ஜன்னல் ஓரமாகப் போட்டிருந்தார்கள். இவள் தூக்குச் சட்டியோடு எனக்குப் பின்னால் தயாராக நிற்கிறாள்! “பொறுட்டி, கல்லை அள்ளட்டும்” என்றால் கேட்கவில்லை. கிடந்த செங்கல் மேலேயே, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முட்டுவலியையெல்லாம் மறந்துவிட்டு நடந்தாள். மீன் குழம்பு வாசனை எனக்கு முன்னால் தெருவைத் தாண்டிப் போனது.

இப்போது மூன்று நேரமும் இவள்தான் ஊட்டுகிறாள். மதினி எழுந்து நடப்பார்கள் என்று டாக்டர் சொல்லவில்லை. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. என்னைப் பற்றிப் புறணி பேசுகிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது. அது போதும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போகின்றன. வேதக்கார அம்மாமார்கள் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகிறபோது பிள்ளையாரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். இரண்டு பக்கமும் சம்பந்தம் பேசுகிற அளவுக்குப் பழக்கம் ஆகிவிட்டது.

இதற்குள் அந்த வழியின் வாயில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். இரண்டு சங்கங்களின் பெயர், தலைவர், செயலாளர், பொருளாளர், “பெருமுயற்சியால் அமைக்கப்பட்ட இணைப்புப் பாதை” என்று பொன் எழுத்தில். பாலாலயம் பேசியவர் பெயர் இருக்கிறது. மாடு வரும் என்றவர் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. கேட்டால், “அண்ணாச்சிக்கு இதெல்லாம் எதுக்கு, ஊருக்கே தெரியுமே” என்கிறார்கள். ஊருக்கு இன்றைக்குத் தெரியும். இப்போது சைக்கிளில் போகிற பிள்ளைக்கு நாளைக்குத் தெரியுமா? தெரு தானாகவே அங்கே வந்து சேர்ந்தது என்றுதான் நினைக்கும். எந்தத் தெருவும் தானாக வந்து சேர்வதில்லை. யாரோ ஒருவர் விற்கக்கூடிய மனையை விற்காமல் விட்டிருப்பார்.

ஆகவே இரண்டு சங்கத்தாருக்கும் எழுத்தில் சொல்கிறேன். தெருவை எல்லைவரை கொண்டுவந்து திறந்து விட்டவன் நான். வளைவுக்கு இடம் கொடுத்தவன் நான். அதைக் கல்லில் வெட்டுங்கள். கீழே மூலையில், பொடி எழுத்தில் வேண்டாம். மேலே, முதல் வரியில், நடக்கிறவர்கள் நிற்காமலே படிக்கிற அளவுக்குப் பெரிதாக. கல்லில் இடம் இல்லை என்றால் வேறு கல் வையுங்கள்.